முப்பத்தேழாம் புள்ளி

பஸ் ஜன்னல் ஷட்டரை மட்டும் இறக்கிவிடாதீர்கள் அக்கா. வெயில் அடிக்கிறதுதான், என் மேலும் அடிக்கிறது. ஆனால் தகரத்தை இறக்கிவிட்டால் இருக்கிற ஒரு கோடு சிக்னலும் போய்விடும். ஐந்தரை மணிக்குள் எனக்கு சிக்னல் வேண்டும். ஐந்தரை என்பது நமக்கு. அந்த வெளிநாட்டு ஆராய்ச்சி ஜர்னல்காரர்களுக்கு அப்போது மத்தியானம் பன்னிரண்டு. அவர்கள் சாப்பிட எழுந்திருப்பதற்குள் நான் என் கட்டுரையை ஏற்றிவிட வேண்டும்.

உங்கள் கேன் என் காலில் இடிக்கிறது. காலி கேன்தானே, சீட்டுக்கு அடியில் தள்ளிவிடலாம். உருண்டு போகுமா? சரி, இருக்கட்டும். நான் விவாதம் செய்யவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்து விவாதம் செய்கிறாய், விவாதம் செய்கிறாய் என்கிறார்கள். நான் விவாதமே செய்வதில்லை. சரியானதை இரண்டாம் தடவை சொல்கிறேன், அவ்வளவுதான்.

நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். கேட்கவில்லையா? பார்த்தீர்கள், அதுவும் கேட்கிற மாதிரிதான்.

நான் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவி. பெயர் ஞானசெல்வி. மூன்று வருடமாகக் கண்மாய்களை மேலே இருந்து பார்க்கிறேன். விமானத்தில் இல்லை, செயற்கைக்கோள் எடுத்த படத்தில். பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் ஒரு கட்டம். ஒவ்வொரு கட்டத்தையும் இது நீர், இது நிலம் என்று கணினி பிரித்துவிடும். அது சொன்னது சரியா என்று பார்க்க, அதுவே குருட்டாம்போக்கில் ஐம்பது இடத்தைப் பொறுக்கிக் கொடுக்கும். ஐம்பது இடத்துக்கும் நேரில் போய், அந்த மண்ணில் நின்று, கண்ணால் பார்த்து எழுத வேண்டும். இதற்குக் கள உண்மை என்று பெயர். எங்கள் துறையில் பாதிப் பேர் இதை அறையில் உட்கார்ந்தே எழுதிவிடுவார்கள். அந்த அயோக்கியத்தனத்தைத்தான் என்னால் பொறுக்க முடிவதில்லை.

நான் நாற்பத்தொன்பது இடத்துக்குப் போனேன். முள்ளில், சேற்றில், ஷேர் ஆட்டோவில் மீன்கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். அதை யாரும் பேசுவதில்லை.

முப்பத்தேழு மட்டும் பாக்கி. அது கொக்கனேந்தல் கண்மாய். அன்றைக்குப் பார்த்து மினி பஸ் வரவில்லை. மெயின் ரோட்டில் ஊருக்குப் பிரிகிற விலக்கில் ஒரு டீக்கடை. டீ ஆற்றிக்கொண்டிருந்தவரிடம், “அண்ணே, கண்மாய்ல தண்ணி கெடக்கா?” என்று கேட்டேன். “கண்மாய்ல தண்ணி கெடக்காம கருப்பட்டியா கெடக்கும்?” என்றார். எழுதிக்கொண்டேன். முப்பத்தேழு, நீர்.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? அது உள்ளூர்வாசியின் சாட்சியம். வேறு துறைகளில் சாட்சியத்தை வைத்தே பட்டம் வாங்குகிறார்கள். அதோடு எங்கள் துறையின் பெயரே தொலையுணர்வு. தூரத்தில் இருந்து அறிவது. நான் டீக்கடையில் இருந்து அறிந்தேன்.

எப்படியோ, ஐம்பதில் நாற்பத்தெட்டு சரி என்று வந்தது. தொண்ணூற்றாறு சதவீதம். கட்டுரையை எழுதி என் கைடு பால்துரை சாரிடம் கொடுத்தேன். சார் பச்சை மையில் திருத்துவார். முதல் பக்கத்தில் தன் பெயருக்கு முன்னால் இருந்த புள்ளியைத் திருத்தினார். கடைசிப் பக்கத்தில் நன்றியுரையில், துறைத்தலைவருக்கு வெறும் நன்றி சொன்னால் போதாது, அவரையும் ஆசிரியராகச் சேர்க்க வேண்டும் என்றார்.

“அவர் என்ன செய்தார் சார்?” என்று கேட்டேன்.

“லேப் சாவி யாருகிட்ட இருந்துச்சு?”

“அவரிடம்.”

“அப்ப சேத்துக்க.”

சேர்த்தேன். எங்கள் துறை வழக்கம் அது. சாவி வைத்திருப்பவர், கையெழுத்துப் போடுபவர், சீல் வைத்திருப்பவர், எல்லோரும் ஆசிரியர். இடையில் இருக்கிற இருபது பக்கத்தைப் படித்த ஒரே மனிதர் எங்கள் அப்பா. அவர் மின்வாரியத்தில் வயர்மேன். அவர் எப்படி உள்ளே வந்தார் என்று கேளுங்கள்.

ஜர்னலின் இணையப் பக்கத்தில் குடும்பப் பெயர் கேட்கிறது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? இனிஷியல்தான். ‘மா’ என்று போட்டேன். ஓர் எழுத்தில் பெயர் இருக்க முடியாது என்று சிவப்பில் காட்டியது. நான்கு வரி விளக்கம் எழுதி அனுப்பினேன். இயந்திரம் அதைப் படிக்கவில்லை. வேறு வழியில்லாமல் அப்பா பெயரை முழுசாகப் போட்டேன். அன்றிலிருந்து எனக்கு வருகிற கடிதமெல்லாம் ‘அன்புள்ள மாரியப்பன்’ என்றுதான் தொடங்குகிறது. ‘மாரியப்பன் அவர்களே, உங்கள் கட்டுரை கிடைத்தது.’ ‘மாரியப்பன் அவர்களின் அணுகுமுறை புதியது.’ ஒருநாள் தெரியாமல் அப்பாவிடம் காட்டிவிட்டேன். அதில் இருந்து கம்பத்தில் ஏறினாலும் இறங்கினாலும் போன். “ஏம்மா, என் கட்டுரையப் பத்தி வெள்ளக்காரன் ஏதும் எழுதுனானா?”

எழுதினார்கள். இரண்டு பேர். மதிப்பீட்டாளர்கள் என்று பெயர், முகம் கிடையாது. முதல் ஆள் நல்ல கட்டுரை என்று சொல்லிவிட்டு, ஐந்து கட்டுரைகளை மேற்கோள் காட்டச் சொன்னார். ஐந்தையும் எழுதியவர் ஒரே ஆள். அது யாராக இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். இரண்டாம் ஆள் பதினான்கு கேள்வி கேட்டார். ஒன்பதாவது கேள்வி: ‘முப்பத்தேழாம் புள்ளியில் நீரின் விளிம்பு இவ்வளவு நேர்கோடாக இருப்பது வியப்பளிக்கிறது. அந்த இடத்தின் களப் புகைப்படம் தேவை.’

வியப்பளிக்கிறதாம். ஐம்பது புள்ளியில் இந்த ஒன்றைத்தான் அவருக்குப் பார்க்கத் தோன்றியதா? இது பழிவாங்கல் இல்லாமல் வேறென்ன? யார் என்றே தெரியாதவர் எதற்குப் பழிவாங்குவார் என்கிறீர்களா? அதுதான் எனக்கும் புரியவில்லை.

பதினோரு பக்கத்துக்குப் பதில் எழுதினேன். புகைப்படம் என்பது ஒரு கணத்தின் பதிவு, நீர் என்பது ஒரு பருவத்தின் நிகழ்வு, ஆகவே முன்னது பின்னதற்குச் சான்றாகாது என்று. இன்றைக்குப் படித்தாலும் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். பால்துரை சார் அதைக் கையில் எடை பார்த்தார்.

“அம்மா, அவன் போட்டோ கேட்டா போட்டோ குடு. எதுக்கு உபநிஷத்து எழுதுற? உன் பதிவுக்காலம் இந்த மாசத்தோட முடியுது, ஞாபகம் இருக்கா?”

இருக்கிறது. அதுதான் விஷயம் அக்கா. ஒரு கட்டுரையாவது ஏற்றுக்கொள்ளப்பட்டால்தான் ஆய்வேட்டை ஒப்படைக்க முடியும். இந்த மாதம் தாண்டினால் பதிவே ரத்து. மூன்று வருடம் ஒன்றுமில்லை என்று ஆகிவிடும். அந்த ஜர்னல் இன்றைக்கு வரைதான் கெடு கொடுத்திருக்கிறது.

அதனால் இன்று காலையில் கொக்கனேந்தலுக்குப் போனேன். மினி பஸ் வந்தது. வராமல் இருந்திருக்கலாம்.

கரையேறிப் பார்த்தால் கண்மாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. சீமைக்கருவேலம்தான். சரி, உள்ளே ஆழத்தில் எங்காவது கிடக்கும் என்று போனில் அம்பு காட்டிய திசையில் நடந்தேன். துப்பட்டா மூன்று இடத்தில் கிழிந்தது. ஓரத்தில் மேடு மாதிரி ஓர் இடம். அம்பு நின்றுவிட்டது. நான் நின்றது ஒரு வீட்டு வாசலில்.

மண் சுவர். மேலே கூரை முழுக்க நீலத் தார்ப்பாய். புயலுக்கு நிவாரணமாகக் கொடுத்தது. நாலைந்தைச் சேர்த்துத் தைத்து, வீட்டுக்கும் ஆட்டுக்கொட்டகைக்கும் ஒன்றாக இழுத்துக் கட்டியிருந்தார்கள். ஓரமெல்லாம் நேர்கோடு. மேலே இருந்து பார்த்தால் நீலமாய், பளபளவென்று. செயற்கைக்கோளைக் குற்றம் சொல்ல முடியாது. நானே வானத்தில் இருந்திருந்தால் குளிக்க இறங்கியிருப்பேன்.

வாசலில் ஓர் அம்மா மீன் உரசிக்கொண்டிருந்தார். இருளாயி என்று பெயர். அறுபது இருக்கும். என் கையில் போனைப் பார்த்ததும் எழுந்து வாசலை மறைத்து நின்றார்.

“எந்த ஆபீசுத்தா நீ? தாலுகாவா?”

“இல்லம்மா. யுனிவர்சிட்டி.”

“அதுவும் கவுருமெண்டுதான?”

“இந்த இடத்தை ஒரு போட்டோ எடுக்கணும். இங்க தண்ணி இருக்கணும்.”

“குடிக்கவா?”

“இல்லம்மா. நீங்க நிக்கிற இடமே தண்ணி. கம்ப்யூட்டர்ல அப்படித்தான் இருக்கு.”

அவர் குனிந்து தன் காலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “நா நிக்கிறனேத்தா” என்றார்.

எனக்கு எல்லாவற்றுக்கும் பதில் வரும். அப்போது அழுகை வந்துவிட்டது. அழுகை என்று சொல்லக்கூடாது, வெயில். ஆனால் அந்த அம்மா உட்காரவைத்து மோர் கொடுத்தார். நானும் சொன்னேன். இந்தப் படம் இல்லாவிட்டால் என் மூணு வருசம் போச்சு, முகம் தெரியாத ஒருத்தன் என்னைக் கெடுக்கிறான் என்று எல்லாம் சொன்னேன். அவர் என்ன புரிந்துகொண்டாரோ தெரியாது.

“படத்துல தண்ணி தெரியணும், அம்புட்டுத்தான?” என்றார்.

உள்ளே போய் ஓர் அண்டாவை உருட்டிக்கொண்டு வந்தார். குடத்தில் இருந்ததை அதில் ஊற்றினார். நான் கிட்டத்தில் வைத்து எடுத்துப் பார்த்தேன். விளிம்பு தெரிந்தது.

“பத்தாதா? ஏய் சடச்சி, ஒங்க டிரம்மத் தள்ளிக்கிட்டு வா. இந்தப் புள்ளைக்குத் தண்ணி படம் புடிக்கணுமாம்.”

பக்கத்து வீட்டு மருமகள் வந்தாள். அவள் வீட்டு டிரம், இரண்டு பிளாஸ்டிக் குடம், ஆட்டுக்குக் கழுநீர் வைக்கிற தொட்டி. எல்லாம் வாசலில் வரிசையாக வந்துவிட்டது. சடச்சி என்னிடம், “என்னக்கா, ஒங்க காலேசுல தண்ணியே பாத்ததில்லையா?” என்று கேட்டாள். நான் மனத்தில் நீர்நிலை என்பதன் வரையறையை ஓட்டிக்கொண்டிருந்தேன். திறந்த பரப்பில், வானத்தை நோக்கி, தேங்கி நிற்கும் நீர். அண்டாவில் இருப்பது திறந்திருக்கிறது, வானத்தை நோக்கி இருக்கிறது, தேங்கி நிற்கிறது. எந்த ஜர்னலிலும் அதற்கு அடியில் அலுமினியம் இருக்கக்கூடாது என்று எழுதவில்லை.

நீங்கள் சிரிக்கலாம். இரண்டாம் ஆள் இதற்கு மறுப்பு எழுதட்டும், பார்க்கிறேன்.

கடைசியில் இருளாயி அம்மாளே அலுத்துப்போய், “சும்மா தரையில ஊத்திருவோம்த்தா, கண்மாய் மாதிரியே தெரியும்” என்று டிரம்மைச் சரித்துவிட்டார். அருமையாகத் தேங்கியது. நான் தரையோடு தரையாகப் படுத்து எடுத்தேன். முதல் படம் கடல் மாதிரி வந்தது. இரண்டாவது எடுப்பதற்குள் ஏழு ஆடுகள் கயிற்றை இழுத்துக்கொண்டு வந்து குடிக்க ஆரம்பித்துவிட்டன. அவற்றை விரட்டிக்கொண்டே இருளாயி அம்மாள் படத்துக்குள் வந்துவிட்டார். பின்னால் வீடு, கதவு, கதவில் ரேசன் கார்டு எண் எழுதின சுண்ணாம்பு, எல்லாம் விழுந்துவிட்டது. அழித்துவிடலாம் என்று நினைத்தேன். அப்போதுதான் அந்த அம்மா இடுப்பில் சொருகியிருந்த காகிதத்தை எடுத்தார்.

“நீ படிச்ச புள்ள. இதுல என்ன போட்டுருக்குன்னு படிச்சுச் சொல்லிட்டுப் போ.”

தாலுகா ஆபீஸ் நோட்டீஸ். கொக்கனேந்தல் கண்மாய் நீர்ப்பிடிப்பில் ஆக்கிரமிப்பு செய்து கட்டிய வீட்டைப் பதினைந்து நாளில் தாமாகவே அகற்ற வேண்டும். படித்துச் சொன்னேன். “பதினெட்டு வருசமா இருக்கேன். கண்மாய் நெறஞ்சு வழிஞ்சு மறுகாப் போனப்பகூட இந்த மேட்டுல தண்ணி ஏறுனதில்ல. தாசில்தாரு கேக்க மாட்டேங்குறாரு. மேல இருந்து பாத்தா தண்ணியாத் தெரியுதாம்” என்றார்.

நான் கீழே பார்வை என்று போட்டிருந்த வரியைப் படித்தேன். பல்கலைக்கழக வரைபடம், தாள் எண் நான்கு.

தாள் எண் நான்கு என்னுடையது அக்கா. போன வருடம் பால்துரை சார் ஒரு கருத்தரங்கில் அதிகாரிகளுக்கெல்லாம் அச்செடுத்துக் கொடுத்தார். சீல் வைத்து.

இதில் என் தவறு என்ன? சொல்லுங்கள். பிழை தார்ப்பாயுடையது. தார்ப்பாயைப் பச்சையில் கொடுத்திருக்கலாம். மினி பஸ் வந்திருக்கலாம். டீக்கடைக்காரர் ஒரு கேள்விக்கு நேராகப் பதில் சொல்லியிருக்கலாம். நான் அட்டவணையில் ஒரு வார்த்தை எழுதினேன். ஒரே ஒரு வார்த்தை.

இல்லை, அந்த அம்மாவிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? மோர் குடித்த டம்ளர் கையில் இருக்கிறது. அவர், “இங்க தண்ணி இல்ல, வீடுதான் இருக்குன்னு ஒங்க காலேசுல ஒரு சீட்டு எழுதித் தருவாகளா?” என்று கேட்டார். பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். கரையில் ஏறினதும் சாருக்கு போன் போட்டேன்.

“சார், முப்பத்தேழு தப்பு. அங்கே வீடு இருக்கிறது. தொண்ணூற்றாறு தொண்ணூற்றுநாலு ஆகும்.”

“ஆகட்டும். நான் பத்தாவதுலகூட அவ்வளவு எடுக்கல. போட்டோ கெடச்சுச்சா?”

“தாலுகா ஆபீஸில் நம் தாளை வைத்து நோட்டீஸ் கொடுத்திருக்கிறார்கள் சார்.”

“தண்ணி போட்டோ கெடச்சுச்சான்னு கேட்டேன்.”

“கிடைத்தது.”

“அப்ப அதை அனுப்பு. அந்தத் தாள்ல இருக்கற சீல் என்னோடது. உன் ஆய்வேட்டுல விழவேண்டிய கையெழுத்தும் என்னோடது. யோசிச்சுக்க.”

யோசித்துக்கொண்டுதான் இரண்டு பஸ் மாறி இங்கே உட்கார்ந்திருக்கிறேன். என்னிடம் இரண்டு படம் இருக்கிறது. ஒன்றில் கடல். ஒன்றில் ஆடு, இருளாயி, வீடு.

இருங்கள். சிக்னல் வந்துவிட்டது. பேசாதீர்கள்.

அனுப்பிவிட்டேன்.

எதையா? ஆட்டையும் வீட்டையும்தான். சாரிடம் பயமில்லாமல் இல்லை. ஆனால் இரண்டாம் ஆளிடம் பொய்ப் படத்தோடு மாட்டித் தோற்பதைவிட சாரிடம் ஜெயிப்பது சுலபம். சார் பக்கத்தில் இருக்கிறார், நேரில் பேசலாம். அட்டவணையில் திருத்திவிட்டேன்: முப்பத்தேழு, நீர் அல்ல, குடியிருப்பு. ‘முதல் பதிவு தொலைவில் இருந்து செய்யப்பட்டது’ என்றும் சேர்த்திருக்கிறேன். டீக்கடை என்று எழுதவில்லை. பக்க வரம்பு இருக்கிறது.

இன்னொன்றும் செய்தேன், அதைக் கேளுங்கள். அந்த இணையப் பக்கத்தில் ஒவ்வோர் ஆசிரியரும் என்ன பங்களித்தார் என்று போட வேண்டும். துறைத்தலைவருக்கு நேரே ‘வளங்கள்’ என்று இருக்கிறது, அது சாவி. களப்பணி என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. யோசித்துப் பார்த்தேன். நான் அந்தப் புள்ளியில் நின்றது நாற்பது நிமிடம். அவர் நிற்பது பதினெட்டு வருடம். நியாயப்படி களப்பணி யாருடையது? சேர்த்துவிட்டேன். நான்காம் ஆசிரியர், இருளாயி. குடும்பப் பெயர் கேட்டது, ‘இருளாயி’ என்றே மறுபடியும் போட்டேன். முகவரி கட்டாயம் கேட்கிறது. கொக்கனேந்தல் கண்மாய் மேடு என்று முழுசாகப் போட்டேன். அச்சில் வரும் அக்கா. பெயருக்குக் கீழே முகவரி, உலகம் முழுக்க. அவர் கேட்ட சீட்டு இதுதானே? இதற்கு மேல் எந்த தாசில்தார் அது தண்ணீர் என்று சொல்வார்?

ஆ, பதில் வந்துவிட்டது. இவ்வளவு சீக்கிரமாகவா. ‘அன்புள்ள மாரியப்பன், உங்கள் திருத்தம் கிடைத்தது. புதிதாகச் சேர்க்கப்பட்ட ஆசிரியர் தமது சம்மதத்தை நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் உறுதி செய்ய வேண்டும். இல்லையேல் கட்டுரை திருப்பி அனுப்பப்படும்.’

சம்மதமா?

இல்லை, கேட்கவில்லை. நல்லதுதானே செய்கிறேன், அதற்கு எதற்குக் கேட்பது? நீங்களும் இரண்டாம் ஆள் மாதிரி பேசாதீர்கள்.

சரி. திரும்பிப் போகத்தான் வேண்டும். அவரிடம் போன் கிடையாது. என் போனில்தான் அவருக்கு மின்னஞ்சல் உண்டாக்கி, பட்டனை அவர் விரலால் அழுத்த வைக்க வேண்டும். அழுத்துவதற்கு முன்னால் இது என்ன என்று கேட்பார். சொல்ல வேண்டிவரும். தாள் எண் நான்கு யாருடையது என்பதில் இருந்து சொல்ல வேண்டிவரும். சொன்ன பிறகு அவர் அழுத்தாமலும் போகலாம். அது அவர் உரிமை. நான் விவாதம் செய்யமாட்டேன். கொஞ்சம் செய்வேன்.

என்ன கேட்டீர்கள்? தண்ணீரா? எந்தத் தண்ணீர்?

ஓ. அது.

ஆடு குடித்தது போக மிச்சம் மண்ணில்தான் போயிற்று. மூன்று நாளைக்கு ஒருமுறை குழாயில் வரும் என்று சடச்சி சொன்னாள். கடைசியாக எப்போது வந்தது, அடுத்து எப்போது வரும் என்று... இல்லை அக்கா. கேட்கவில்லை. இருளாயி அம்மாள் உரசின மீனைக்கூடக் கழுவாமல் வைத்திருந்தார்.

கண்டக்டர் அண்ணே, அடுத்த விலக்கில் எனக்கு இறக்கம். எதிர் பஸ் ஆறு மணிக்கு இருக்கும்தானே?

அந்தக் கேனைக் கொஞ்சம் கொடுங்கள் அக்கா. காலிதானே? உங்கள் போன் நம்பரையும் கொடுங்கள், திருப்பித் தந்துவிடுவேன். கொக்கனேந்தல் விலக்கில் குழாய் இருக்கும். பத்து லிட்டர் பிடிக்குமா? ஒரு டிரம் ஊற்றினார்கள், தெரியும். நடை நடையாகக் கொண்டுபோய் நிரப்புகிறேன். இதைத் தவறு என்று மட்டும் எங்கும் எழுதமாட்டேன். திருத்தம் என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள்.